ஒரு கோப்பை தாமதம்

பதினோரு நாட்களும் நான்கு மணி நேரமும் என் போன் எனக்காகக் காது கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்டேட் முடிந்தது. கறுத்துக் கிடந்த திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றி நின்று, போன் மறுபடி விழித்துக்கொண்டது. எழுத்துகள் கொஞ்சம் உருண்டையாகியிருந்தன. பூட்டைத் திறக்கும் இடத்தில் விரல் வைத்தால் தண்ணீரைத் தொட்டதுபோல ஒரு சிற்றலை பரவியது. ‘புதிதாக வந்தவை’ என்று ஒரு பட்டியல். பொதுவாக அதை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தையும் படிக்கிற ஆள் நான்.

முப்பத்திரண்டு இருந்தன. இருபத்து நான்காவது: இயர்போனை மாட்டிக்கொண்டு உங்கள் செவித்திறனை நீங்களே அளந்துகொள்ளலாம்.

சும்மாதான் செய்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையைத் தொட வேண்டும். முதலில் தாழ்ந்த ஒலிகள், தூரத்தில் கப்பல் ஊதுவதுபோல. தொட்டேன், தொட்டேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. போன் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் திரையில் வட்டம் துடித்துக்கொண்டே இருந்தது, என் விரலுக்காகக் காத்துக்கொண்டு. ஐந்து நிமிடம் கழித்து ஒரு வரைபடம் வந்தது.

நான் இயற்பியல் படித்தவள். அதைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, சரிவு அழகாக இருக்கிறது என்பதுதான். ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதளம். அதற்கப்புறம் படகுத்துறையில் படி இறங்குவதுபோல இறங்கி, நாலாயிரத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு இறங்கியிருந்தன. பிறகுதான் அவை என் காதுகள் என்பது உறைத்தது.

அதுவரை, எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

வேறு யாராவது என்றால் வீட்டில் சொல்லிவிட்டு டாக்டரிடம் போயிருப்பார்கள். எனக்கு வேலையே காதுதான்.

பீங்கான் கோப்பைகள் செய்யும் தொழிற்சாலை. சூளையிலிருந்து வந்த கோப்பையின் கைப்பிடியை இடது விரலில் தொங்கவிட்டு, வலது கையிலிருக்கும் மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல கோப்பை கணீரென்று பாடும். உள்ளே விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று முடிந்துவிடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மெருகு மேலே பூசி மூடியிருக்கும். காதுக்கு மட்டும்தான் தெரியும். நல்லது அட்டைப்பெட்டிக்குள், கெட்டது காலடியில் இருக்கும் நீலத் தொட்டிக்குள். ஒரு மேசைக்கு இரண்டு பேர், எதிரும் புதிருமாக. பெட்டியின்மேல் மேசையின் எண்ணை முத்திரை குத்துவோம். எங்களுடையது மூன்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலைக்கு எடுத்தபோது என் பட்டத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் நின்று பத்துக் கோப்பைகளைத் தட்டி, எத்தனை கெட்டது என்று கேட்டார். மூன்று என்றேன். அவ்வளவுதான் இன்டர்வியூ. காது போனால் அந்த நாற்காலியும் போகும். கழுவும் பிரிவுக்குப் போகலாம். அங்கே இடமில்லை என்றால் வீட்டுக்கு.

சில மாதங்களாகவே கோப்பைகள் சோம்பலாகப் பாடுவதுபோல் இருந்தது. விரல் நுனியில் நடுக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். மண் கலவையை மாற்றிவிட்டார்கள் போல என்றுகூட நினைத்தேன். பழி போட ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது.

இருபத்தாறாவதையும் இருபத்தேழாவதையும் அன்று நான்கு முறை படித்தேன். இருபத்தாறு: உங்களைச் சுற்றிக் கேட்கும் ஒலிகளைப் போன் அடையாளம் கண்டு எழுதிக் காட்டும். இருபத்தேழு: பட்டியலில் இல்லாத ஒலியை நீங்களே அதற்குக் கற்றுக்கொடுக்கலாம்.

இருபத்தாறை இயக்கிவிட்டு ஜன்னலோரம் போனை வைத்தேன். வெறுமையாக இருந்த திரையில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. தண்ணீர். கதவு. பறவை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி பறவை. நான் எழுந்து பார்த்தேன். எதிர் மாடியின் கம்பியில் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒன்று உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் தொண்டை அசைவதை முதல் தடவையாகப் பார்த்தேன். கேட்டிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

அப்புறம் ‘பாட்டு’ என்று வந்தது. வீட்டில் ரேடியோ கிடையாது. கீழே தெருவும் காலியாக இருந்தது. வெகுநேரம் தேடினேன். தேடுவதை நிறுத்தியபோது அந்தச் சொல்லும் நின்றது. தேடும்போது நான் முனகும் பழக்கம் எனக்கிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கற்றுக்கொடுக்கக் கோப்பைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் தொழிற்சாலையில் தட்டிப் பார்க்கும் மேசையில் தோற்றவைதான். டீக் கறை ஊறி, விரிசல்கள் பழுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. அதனால் எது கெட்டது என்பதற்கு எனக்குக் காது வேண்டியிருக்கவில்லை. ‘அந்த ஒலியை ஐந்து முறை கேட்கச் செய்யுங்கள்’ என்றது போன். ஐந்து கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒன்றைத் தட்டுவது, பொறுத்திருப்பது, அடுத்ததைத் தட்டுவது.

அம்மா வந்து வாசலில் நின்றாள். உதடுகள் அசைந்தன.

“என்னம்மா?”

கொஞ்சம் கிட்டே வந்தாள். “ஞாயித்துக்கிழமையுமா? அங்க தட்டினது பத்தலையா உனக்கு?”

“போனுக்குச் சொல்லித் தர்றேம்மா.”

“நல்லது. அதையாவது வேலைக்கு அனுப்பிட்டு நீ ஒரு நாள் தூங்கு.”

அம்மா சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறாள். வீட்டில் யாரும் நின்றுகொண்டு எதையும் செய்வதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் போன பிறகு இன்னும் இரண்டு முறை சோதித்தேன். நல்ல கோப்பையைத் தட்டினால் போன் சும்மா இருந்தது. கெட்டதைத் தட்டிவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தால், ஒரு சிலிர்ப்பு. மேசைமேல் அது தானாக நகர்ந்தது, தூக்கத்தில் புரண்டு படுக்கிற பூனைபோல.

திங்கட்கிழமை ஏப்ரன் பையில் அதைப் போட்டுக்கொண்டு போனேன். போனைக் கையில் எடுக்கத்தான் தடை, பையில் வைத்திருக்கத் தடையில்லை.

அந்த வாரம் முழுக்கச் சூப் கிண்ணங்கள். பெரியவை, கனமானவை. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கி, பஞ்சு வளையத்தில் வைத்து, தட்டி, திருப்பி வைக்க ஆறு நொடிகள் ஆகும். எனக்கு எல்லாக் கிண்ணமும் ஒரே மாதிரி ‘டொக்’ என்றுதான் சொன்னது. ஆனால் கெட்டது வந்தபோது இடுப்பருகே போன் சிலிர்த்தது. தொட்டியில் போட்டேன். சுற்றிலும் வெண்தூசி, சூளையின் மெல்லிய சூடு, ஒரு ஏரியின் அடியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல. யாரோ கரையில் நின்று என் இடுப்பில் கட்டிய கயிற்றை அவ்வப்போது இழுத்து, இது, இது என்று சொல்வதுபோல. நான் பயப்படவே இல்லை. அதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

மதியம் சாப்பாட்டு அறையில் அப்டேட்தான் பேச்சு. எங்கள் மேசையில் எப்போதும் மூன்று பேர். எதிரக்கா, அதாவது தட்டிப் பார்க்கும் மேசையில் எனக்கு எதிரே உட்காருபவள். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. பேக்கிங் பிரிவில் ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கும் ஒருத்தி. எல்லாருக்கும் அவள் டேப்பு. அப்புறம் நான். பட்டம் வாங்கிவிட்டுக் கோப்பை தட்ட வந்ததால் என் பெயர் டிகிரி.

போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன். அவர்கள் பேசப் பேச, பேச்சு எழுத்தாகத் திரையில் மிதந்து வந்தது. பதினேழாவது அம்சம். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ செய்தி படிப்பதுபோல இருக்கும்.

“எனக்கு அந்தப் போன் எடுக்கிற விஷயந்தான் ரொம்பப் புடிச்சிருக்கு” என்றாள் டேப்பு. “புது நம்பர்லேருந்து யார் கூப்பிட்டாலும் அதுவே எடுத்து, ‘யாரு நீங்க, என்ன விஷயமா கூப்பிடறீங்க’ன்னு கேக்குது. நேத்து என் நாத்தனார் அவ வீட்டுக்காரர் போன்லேருந்து கூப்பிட்டிருக்கா. மாட்டிக்கிட்டா. ‘என்னையா யாருன்னு கேக்கிற’ன்னு அதுகிட்டயே சண்டை. அம்புட்டையும் எனக்கு எழுதிக் காட்டுது!”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வெச்சுட்டா. பதினஞ்சு வருஷமா என்னால முடியாதத ஒரே நாள்ல பண்ணிடுச்சுக்கா.”

எதிரக்கா குனிந்து சாப்பிட்டபடியே கேட்டாள்: “போட்டோவுல தேவையில்லாதவங்கள அழிக்குமாமே?”

“ஆமா. விரலால ஒரு தேய்ப்பு. பின்னாடி ஆள் நின்ன எடமே தெரியாது.”

“பக்கத்துல நிக்கிறவர அழிக்குமா? கல்யாணப் போட்டோ ஒண்ணு இருக்கு.”

டேப்புக்குப் புரையேறியது. எழுத்து வந்த பிறகு நானும் சிரித்தேன். அதற்குள் அவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

“சூப்பர்வைசர் என்ன பண்றார் தெரியுமா?” டேப்பு குரலைத் தாழ்த்தியிருக்க வேண்டும், எழுத்து அரைகுறையாக வந்தது. “தன் குரலையே போன்ல ஏத்தி வெச்சிருக்காரு. இவரு டைப் அடிச்சா அது இவரு குரல்ல திட்டுது. நேத்து வாயில சோத்த வெச்சுக்கிட்டே எங்கள வெரட்டினாரு.”

“நல்லதாப் போச்சு. ரிட்டையர் ஆனாலும் திட்டு நிக்காது.” எதிரக்கா தன் போனை எடுத்துத் துடைத்தாள். “என்னுதுக்கு இதெல்லாம் வரலடி. ‘உங்க போனுக்கு இது கிடையாது’ங்குது. அதுக்கு வயசாயிடுச்சாம்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “டிகிரி, உனக்கு எது புடிச்சிருக்கு?”

எனக்குப் பிடித்தவை நான்கைந்து இருந்தன. ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை.

“எழுத்து கொஞ்சம் உருண்டையா இருக்கு” என்றேன். “அது.”

“முப்பது விஷயம் வந்திருக்கு, இவளுக்கு எழுத்து உருண்டையா இருக்கிறது புடிச்சிருக்காம்” என்றாள் டேப்பு. “படிச்சதெல்லாம் வீணாப் போச்சுடி உனக்கு.”

எதிரக்கா மட்டும் சிரிக்காமல் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் டப்பாவை மூடினேன்.

மிகவும் பிடித்தது முப்பதாவது. பாட்டு ஒன்றைப் போட்டால், அதன் தாளத்துக்கும் மெட்டுக்கும் ஏற்ப போன் நடுங்கும். அடுத்த ஞாயிறு மதியம் மல்லாந்து படுத்து, போனை நெஞ்செலும்பின்மேல் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட நாளில் கேட்ட பாட்டு. தாழ்ந்த சுரங்கள் காதிலேயே வந்தன. மேலே ஏறும் வயலின் எனக்கு இனி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அது எலும்புக்குள் வந்தது, சின்னச் சின்னக் கால்களோடு எறும்புகள் ஊர்வதுபோல. பாட்டு ஒரு இடத்தில் அடைத்துக்கொண்டால் இன்னொரு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. அப்படியே தூங்கிப்போனேன். கனவில் கோப்பைகள் தண்ணீரில் மிதந்து வந்தன. எதுவும் எதன்மேலும் மோதவில்லை.

விழித்தபோது போன் திரையில் சொற்கள் இருந்தன. பதினேழாவதை அணைக்க மறந்திருந்தேன். சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டு தனக்குத்தானே பேசியிருக்கிறாள். கதவு திறந்திருந்தது.

கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்ல, என்று இருந்தது. சம்பாதிக்கிற திமிரு. பிறகு ஒரு இடைவெளி. இல்ல நான்தான் ஏதாவது சொல்லிட்டேனா.

எழுந்து போய்த் துண்டை எடுத்து, அவள் கழுவிய கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக் கேட்டாள், “என்ன, எம்மேல கோவமா?”

“இல்லம்மா.”

“பின்ன ஏன் இப்படி உம்முனு இருக்கே?”

“வேல ஜாஸ்தி.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா அழுவாள். அம்மாவின் அழுகை உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். எனக்குக் கேட்காது. பார்க்க மட்டும் வேண்டியிருக்கும். நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

மறுநாள், திங்கட்கிழமை, காப்பிக் கோப்பைகள் வந்தன. ஊர் முழுக்கக் கிளைகள் இருக்கும் ஒரு கடைக்காரருக்கு அவசர ஆர்டர். கைக்கு அடக்கமான சிறியவை. எடு, தட்டு, வை, இரண்டு நொடி. எங்கள் கைகள் தையல் மெஷின்போல ஓடின. தட்டி முடித்த பெட்டிகள் அன்று மாலையே லாரியில் ஏறின. போன் சிலிர்த்தபோதெல்லாம் கையில் இருந்ததைத் தொட்டியில் போட்டேன். வேகத்தில் ஒரு மயக்கம் இருந்தது. கோப்பைகள் என் வழியாகப் போய்க்கொண்டிருந்தன, நான் எங்கோ தள்ளி இருந்தேன்.

புதன்கிழமை மாலை சூப்பர்வைசர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேசைமேல் வைத்தார். அடிவயிற்றிலிருந்து வரும் குரல் அவருக்கு. அந்தத் தொழிற்சாலையில் எழுத்து இல்லாமல் எனக்குத் தெளிவாகக் கேட்கும் ஒரே குரல். அந்தப் பாக்கியம் வேறு யாருக்காவது வாய்த்திருக்கலாம்.

“மூணாம் நம்பர்” என்றார். “ஒரு கடையில காப்பி ஊத்தினதும் அடி கழண்டு விழுந்திருக்கு. ஊத்தின பொண்ணுக்கு மணிக்கட்டு வெந்துபோச்சு. இன்னொரு கடையில எட்டு கப்பு, தட்டிப் பாத்துத் திருப்பி அனுப்பியிருக்கான். எல்லாம் உங்க முத்திரை.”

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் எதிரக்காவைப் பார்த்தார். பார்வை அங்கேயே தங்கிவிட்டது.

“உங்களுக்கு எத்தனை வயசாச்சும்மா?”

“அம்பத்தி மூணு.”

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். எதிரக்கா உட்கார்ந்து, கையிலிருந்த குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அடுத்த கோப்பையை எடுத்துத் தட்டினேன். என் தவறா என்று எனக்குத் தெரியாது. போன் சிலிர்த்தபோதெல்லாம் தொட்டியில் போட்டேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கே போய்விட்டேன். கூடத்தில் யாரும் இல்லை. மேலே கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் பால்போல இறங்கியது. என் காலடித் தொட்டியை முந்தின நாள் காலி செய்திருக்கவில்லை. பதினான்கு கோப்பைகள் கிடந்தன. போனை மேசைமேல் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். சிலிர்க்கவில்லை. அடுத்தது. சிலிர்க்கவில்லை. பதினான்கும் முடிந்தன. பதினான்கும் முழுக் கோப்பைகள்.

திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். தட்டினேன். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று. இரண்டு. அதற்குக் கொஞ்சம் மேலே. போன் சிலிர்த்தது.

இன்னொரு தடவை செய்தேன். அதே தாமதம்.

கேட்டு, தனக்குள் வைத்திருக்கும் ஐந்து ஒலிகளோடு ஒப்பிட்டு, தீர்மானித்துச் சொல்ல அதற்கு அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. சூப் கிண்ணத்துக்கு ஆறு நொடி, அதனால் தாமதம் தெரியவில்லை. காப்பிக் கோப்பைக்கு இரண்டு நொடி. போன் சிலிர்க்கும்போது கெட்ட கோப்பை பெட்டிக்குள் போயிருக்கும். என் கையில் அடுத்தது இருக்கும். நல்லதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கெட்டதை முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். மூன்று நாட்கள்.

கருவியின் தாமதத்தை முதலில் அளந்துகொள் என்று முதல் செய்முறை வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியும் வைத்திருந்தேன்.

போன் பொய் சொல்லவே இல்லை. ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொன்னது. ஒரு கோப்பை தாமதமாக.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. இதைச் சரிசெய்வது மிக எளிது. தட்டிய கோப்பையை உடனே பெட்டியில் போடாமல் இடது பக்கம் ஒரு இடத்தில் வைக்க வேண்டும். சிலிர்த்தால் கையில் இருப்பதை அல்ல, அங்கே இருப்பதை எடுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அது எவ்வளவு எளிது என்று பார்த்ததும் போனை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

எட்டு மணிக்கு எதிரக்கா வந்து உட்கார்ந்தாள். “சீக்கிரம் வந்துட்டியா?” என்று மட்டும் கேட்டாள். நான் புதிய முறையில் தட்ட ஆரம்பித்தேன். தட்டு, இடது பக்கம் வை, அடுத்தது. மிக அழகாக வேலை செய்தது. அன்று காலை என் கையால் போன கோப்பைகளில் ஒன்றில்கூடக் குறை இல்லை என்று இப்போதும் சத்தியம் செய்வேன்.

எதிரே, எதிரக்கா ஒவ்வொரு கோப்பையையும் மூன்று முறை தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் விளிம்பில். அப்புறம் வயிற்றில். அப்புறம் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு. பதினெட்டு வருடமாகப் பேசிக்கொண்டே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே தட்டியவள். ஒரு கோப்பையைப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபடி வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஒன்பது மணிக்கு அவள் பெட்டியில் பாதிகூட நிறையவில்லை. பத்து மணிக்கு அவள் நிமிர்ந்து என்னிடம் ஏதோ சொன்னாள். நான் பார்க்காததுபோல் குனிந்துகொண்டேன்.

பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

“திங்கக்கிழமையிலேருந்து நீங்க கழுவுற பிரிவும்மா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. ஆபீஸ்ல வேலைய விட்டே அனுப்பிடலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் பேசி வெச்சிருக்கேன்.”

எதிரக்கா எழுந்தாள். நாற்காலியில் போட்டிருந்த தலையணையை எடுத்து, தூசியைத் தட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. இரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய உதடுகள். எழுத்து இல்லாமலே படிக்க முடிந்தது.

“போறேன் சார். யாரோ ஒரு பொண்ணுக்குக் கை வெந்திருக்கு. அதுக்கப்புறம் இங்க உக்காந்தா நல்லாருக்காது.” பேனாவை வாங்கியவள் நிறுத்தினாள். “ஒரே ஒரு நிமிஷம் சார்.”

என் இடது பக்கம் இருந்த கோப்பையை எடுத்தாள். கைப்பிடியை விரலில் தொங்கவிட்டு, என் முகத்துக்கு முன்னால் நீட்டி, குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு. விளிம்பு நடுங்கியது. கூரை வெளிச்சம் அதன்மேல் ஒரு கம்பிபோல அதிர்ந்து அடங்கியது.

“டிகிரி, நீ சொல்லு. சின்ன வயசுக் காது உனக்கு. எனக்கு இது நல்லாத்தான் கேக்குது. கணீர்னு கேக்குது. நெசமாவே கேக்குதா, இல்ல இத்தன வருஷப் பழக்கத்துல கேக்குற மாதிரி இருக்கா? ராத்திரி பூரா இதே யோசனை. என் காத நானே எப்படிடீ நம்பறது?”

இரண்டு நொடி. மூன்று. ஏப்ரன் பையில் போன் அசையாமல் கிடந்தது. கோப்பை நல்லதுதான். அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க முடியும். அது பொய்யும் இல்லை.

“நல்ல கப்புதாங்க்கா” என்றேன்.

அவள் முகத்தின் இறுக்கம் அப்படியே தளர்ந்தது, யாரோ தோளிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டதுபோல. உடனே அதில் ஒரு குழப்பம் வந்தது. “அப்ப எனக்குச் சரியாத்தானே கேக்குது? பின்ன எப்படி அத்தன கெட்ட கப்பு...”

“அதெல்லாம் நான் தட்டினது.”

“என்ன சொல்றே நீ?” என்றார் சூப்பர்வைசர்.

நான் போனை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். அதை அவரிடம் விளக்கத்தான் நினைத்தேன். இருபத்தாறு, இருபத்தேழு, ஐந்து ஒலிகள், தாமதம். வாயைத் திறந்தபோது அவற்றில் எதுவும் வரவில்லை. எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. நான்காம் மேசையிலும் ஐந்தாம் மேசையிலும் குச்சிகள் அந்தரத்தில் நின்றதை மட்டும் பார்த்தேன்.

“எனக்குக் காது கேக்கலக்கா.”